பவுடர் அளவை முதலில் சரி செய்யுங்கள்

உங்கள் கடிதத்தின் கடைசி வரி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. பால் பவுடர் ஆய்வுகளுக்குக் கம்பெனிகளே பணம் கொடுக்கின்றன என்று இணையத்தில் படித்துப் பயந்து, இரண்டு மாதக் குழந்தைக்குப் பாதி பவுடர், முழுத் தண்ணீர் என்று ஒரு வாரமாகக் கலக்கிக் கொடுக்கிறீர்கள். உடனே நிறுத்துங்கள். டப்பாவில் சொன்ன அளவுக்குத் தண்ணீரை முதலில் ஊற்றி, அதற்குரிய கரண்டி பவுடரைத் தலைதட்டிப் போடுங்கள். நீர்த்த பாலில் வயிறு நிறையும், சத்து சேராது. ரத்தத்தில் சோடியம் குறைந்தால் வலிப்பு வரை போகும்.

“இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறான்” என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை. இன்றே டாக்டரிடம் காட்டி எடை பாருங்கள். பாலுக்கு எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, கை கால் வெட்டி இழுத்தாலோ, நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பவுடரோடு தாய்ப்பாலும் கொடுக்கும் நீங்கள் கவலைப்பட்டு எழுதிய பச்சை மலம், மார்பு மிருதுவானது, பம்ப்பில் 30 மில்லிதான் வந்தது: மூன்றையும் விடுங்கள். பம்ப்பை விடக் குழந்தை நன்றாகவே உறிஞ்சும்.

நீங்கள் படித்தது பொய்யில்லை. 2021-ல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் அலசலில், 125 பவுடர் ஆய்வுகளில் கம்பெனிகளின் கை படாமல் நடந்தவை 17 மட்டுமே. ஒரு பவுடர் தோல் அலர்ஜியைத் தடுக்கும் என்று 1989-ல் அதே இதழில் வந்த ஆய்வு, 2015-ல்தான் திரும்பப் பெறப்பட்டது. 26 வருடம்! எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது. பல ஆய்வுகளில் ஒரு பவுடரை இன்னொரு பவுடரோடுதான் ஒப்பிடுவார்கள். “வளர்ச்சி நன்றாக இருந்தது” என்றால், பழைய பவுடருக்கு இது குறைவில்லை என்பதே பெரும்பாலும் பொருள். தாய்ப்பாலுக்கு நிகர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் சந்தேகப்பட வேண்டியது மூளைக்கு, எதிர்ப்புச் சக்திக்கு என்று டப்பாவின் முகப்பில் அடிக்கும் பெருமைகளை. புரதம், கொழுப்பு, உப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு கோடெக்ஸ் என்ற உலகப் பொதுத் தரம் உண்டு. அதன்படி தயாரான சாதாரண டப்பா போதும். அதைப் பாதியாக்கினால் அந்தக் கணக்கே குலைந்துவிடும்.

சரி, நீங்கள் வெளிப்படையாகக் கேட்காத கேள்விக்கு வருகிறேன்: “என் பால் போதவில்லையோ?” 24 மணி நேரத்தில் குறைந்தது ஆறு முறை நன்றாகச் சிறுநீர் போய், எடையும் ஏறினால், குழந்தைக்குப் போதுமான பால் கிடைக்கிறது. புட்டியைக் குறைக்க ஆசையா? ஒவ்வொரு வேளையும் முதலில் மார்பில் போடுங்கள். அப்புறம் வாராவாரம் எடை பார்த்து, உங்கள் டாக்டரைக் கேட்டு, புட்டியில் கொடுக்கும் வேளைகளை ஒவ்வொன்றாகக் குறையுங்கள்.