மாத்திரையைக் கலந்து கொடுக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். என் தம்பி மறுவாழ்வு மையத்தில் முப்பது நாள் தங்கித் திரும்பியபின் நான்கு மாதம் குடியைத் தொடவில்லை. போன வாரம் வேலை விஷயமாகப் புதுச்சேரிக்குப் பஸ் ஏறியவன், வழியில் மதுக்கடைகள் உள்ள முள்ளோடையில் இறங்கிக் குடித்துவிட்டு வந்தான். குடி ஒரு நோய் என்பதெல்லாம் சாக்கு என்று அப்பா கொதிக்கிறார். தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் மாத்திரை இருக்கிறதாமே, வாங்கலாமா என்கிறார் அம்மா.

ஓர் அக்கா, கடலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அம்மாவுக்கு. அவர் கேள்விப்பட்டது பெரும்பாலும் டைசல்ஃபிராமாக இருக்கும். மது ஈரலில் உடையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சை மேற்கொண்டு சிதையவிடாமல் அது தடுப்பதால், அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து, சில சமயம் உயிரே போய்விடும். சாப்பிடுகிறோம் என்று தெரிந்தவர் குடிக்க அஞ்சுவார். அந்த அச்சம்தான் மருந்தின் பயன். தெரியாதவருக்கு அது விஷம். தயவுசெய்து வாங்காதீர்கள்.

அப்பா சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. முதல் முறை தம்பி விரும்பித்தான் குடித்திருப்பார். ஆனால் ஆண்டுக்கணக்கில் குடிக்கும்போது, ஒவ்வொரு முறையும் மூளையில் பெருகும் டோபமைன் என்ற வேதிப்பொருள், குடியோடு சேர்ந்த இடத்தையும் வாடையையும் நேரத்தையும் ஆழப் பதித்துவிடுகிறது. வேண்டாம் என்று தடுக்கவேண்டிய மூளையின் முன்பகுதியோ அதே குடியால் தளர்ந்துபோகிறது. பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, நடத்துநர் "முள்ளோடை" என்று குரல் கொடுத்தபோது, தம்பி யோசிக்கும் முன்பே அவர் உடம்பு இருக்கையைவிட்டு எழுந்திருக்கும். நான்கு மாதத்தில் அழிகிற பதிவு அல்ல அது.

போதை சிகிச்சைக்குப் பின் 40 முதல் 60 விழுக்காட்டினர் பழக்கத்துக்குத் திரும்புகிறார்கள் என்றும், ரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் நோய் மீள்வது 50 முதல் 70 விழுக்காடு என்றும் 2000-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வுரை கணக்கிட்டது. ரத்த அழுத்தம் மறுபடி ஏறினால் யாரும் வீட்டில் சண்டை போடுவதில்லை, டாக்டரிடம் போய் மருந்தை மாற்றிக்கொள்கிறோம். முப்பது நாள் முடிந்ததும் குணமாகிவிட்டது என்று அனுப்பிவைப்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. அங்கிருந்துதான் சிகிச்சையே தொடங்குகிறது. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் குடிக்கும் வேட்கையைக் குறைக்கின்றன. அவற்றை மாதக்கணக்கில், ஆலோசனையோடு சேர்த்துத் தரவேண்டும். மாத்திரையை விழுங்குவதும் தவறாமல் மருத்துவரைப் பார்ப்பதும் தம்பியின் பொறுப்பு. நோய் என்று சொல்வதால் அந்தப் பொறுப்பு போய்விடுவதில்லை.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரை இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். அதற்குமுன் பேசவேண்டுமானால் 14416 என்ற அரசின் இலவச எண் இருக்கிறது. தினமும் குடிக்கத் தொடங்கியிருந்தால் வீட்டில் வைத்துச் சட்டென்று நிறுத்தவேண்டாம், ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். போகும்போது நீங்களும் அந்தப் பஸ்ஸில் கூடவே போங்கள். பாலம் தாண்டியதும் அவரிடம் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.