பரதம் படித்த மகள் நவீன நடனக் குழு என்கிறாள்

அன்புள்ள ஐயாவுக்கு,

சனிக்கிழமை வெள்ளவத்தையில், உயர்தரத்தில் மகள் எந்தப் பிரிவை எடுப்பது என்ற பேச்சைப் பாதியில் விட்டுவிட்டோம். மிச்சத்தை எழுதுகிறேன்.

வட இலங்கைச் சங்கீத சபையின் பரதத் தேர்வுச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தீர்கள். "இவ்வளவும் படித்துவிட்டு இனி வேறு ஏதோ ஆடப் போகிறாளாம்" என்று கோப்பை மூடினீர்கள். மகள் ஒன்றும் பேசவில்லை. செருப்பைக் கழற்றிக் காலை மடித்து உட்கார்ந்தாள். குதிகால் காய்த்துக் கறுத்திருந்தது. பத்து வருஷம் சீமெந்துத் தரையில் தட்டடவு போட்ட கால். அவள் பரதத்தை விட்டுவிடுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

சொந்தமாக ஒரு குழு நடத்த வேண்டும் என்பதுதானே அவள் ஆசை. அப்படி நடத்துகிறவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். நம் ஊரிலேயே நடனக் கலைஞர் சித்ரசேன இருந்தார். தகப்பன் நாடகக்காரர். மகன் சிங்கள மரபான கண்டிய நடனம் பயின்றார், கேரளத்தில் கதகளி கற்றார், சாந்திநிகேதனுக்கும் போனார். 1940களில் கொள்ளுப்பிட்டியில் அவர் தொடங்கிய பள்ளியை மனைவி வஜிரா தோள்கொடுத்து வளர்த்தார். ஆண்களின் ஆட்டமாக இருந்த கண்டிய நடனத்தில் பெண்ணுக்கு ஒரு பாணியை உண்டாக்கியவர் வஜிரா. 2020இல் இந்தியா அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தது. குழுவின் இன்றைய கலை இயக்குநர் அவர்களுடைய பேத்தி ஹெஷ்மா விக்னராஜா. 2012இல் பெங்களூர்ப் பக்கத்து நிருத்தியகிராமம் என்ற நடனக் கிராமத்தின் ஒடிசி நடனக் கலைஞர்களோடு சேர்ந்து இக்குழு 'சம்ஹார' என்ற படைப்பை மேடையேற்றியது. வெனுரி பெரேராவும் இந்தப் பள்ளியில் வளர்ந்தவர்தான். பிறகு லண்டனில் டிரினிட்டி லாபன் இசை, நடனக் கல்லூரியில் படித்து, இன்று தனக்கென்று ஒரு நவீன மொழியில் ஆடுகிறார்.

இந்தியப் பக்கம் பார்த்தால் உங்களுக்கு இன்னும் ஆறுதலாக இருக்கும். பெங்களூரில் ஆட்டக்களரி என்ற நவீன நடன மையத்தை நிறுவிய ஜயச்சந்திரன் பாலாழி பௌதிகவியல் பட்டதாரி. சென்னையின் நவீன நடனக் கலைஞர் பத்மினி செட்டூர் இரசாயனவியல் படித்தவர். பரதம் கற்று, பின்பு நடன அமைப்பாளர் சந்திரலேகாவின் குழுவில் ஆடினார். பட்டப்படிப்பு இவர்கள் காலைக் கட்டிப்போடவில்லை. ஒரு மரபில் ஊறிய உடம்பு இருந்ததால்தான் புதிதாக ஒன்றைத் தேட முடிந்தது. அதனால் அந்தச் சான்றிதழ்கள் வீண் என்று நினைக்காதீர்கள்.

குழு என்றால் ஆட்டம் மட்டுமா? மண்டபப் பதிவு, வெளிச்சம், விசா, கணக்கு எல்லாம் இருக்கிறது. லண்டனில் கதக் கலைஞர் அக்ரம் கான் 2000இல் குழு தொடங்கியபோது உடன் நின்றவர் பாரூக் சௌத்ரி. அவரும் நடனக்காரர்தான். 1999இல் ஆடுவதை நிறுத்திவிட்டுக் கலை நிர்வாகம் படித்தார். உங்கள் மகளுக்குச் சாதாரண தரத்தில் வணிகக் கல்வியில் ஏ வந்திருக்கிறது. அதையும் மனதில் வையுங்கள்.

இப்போது உயர்தரப் பிரிவைத் தெரிவது. நீங்கள் வர்த்தகம் என்கிறீர்கள். என் எண்ணம் வேறு: கலைப் பிரிவில் நடனம், பொருளியல், தமிழ். கொழும்பு கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம், மட்டக்களப்பு விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் மூன்றையும் பார்க்கலாம். உயர்தரத்தில் நடனத்தை விட்டால் அந்தக் கதவுகள் மூடிக்கொள்ளலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இந்த வருடக் கைநூலில் அனுமதி நிபந்தனையைப் பார்த்த பிறகே பாடத்தை முடிவு செய்யுங்கள்.

பண விஷயத்தையும் மறைக்கப் போவதில்லை. கொழும்பில் மேடையை மட்டும் நம்பிப் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. அநேகமானோர் வகுப்பெடுக்கிறார்கள். "டீச்சர் வேலைதானே" என்று மகள் முன்னால் சொன்னீர்கள், அவள் முகம் சுருங்கிவிட்டது. தயவுசெய்து இனி அப்படிச் சொல்லாதீர்கள். சித்ரசேனவும் வஜிராவும் பள்ளி நடத்தியவர்கள்தானே.

சரி, அடுத்த சனிக்கிழமை வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மகள் தானே அமைத்த இரண்டு நிமிட ஆட்டம் ஒன்றைப் போனில் பிடித்துக் கொண்டுவரட்டும். கைநூலை நான் எடுத்து வைக்கிறேன்.