வேட்டைக்கென்று விற்கும் பைனாகுலர் பறவை பார்க்க உதவுமா?

கேள்வி: நான் சாவகச்சேரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். கண்ணாடி அணிபவன். மாரி காலத்தில் நமது கடல்நீரேரிகளுக்கு வரும் வலசைப் பறவைகளைப் பார்ப்பதற்காக ஒரு பைனாகுலர் வாங்க விரும்புகிறேன். விலை குறைந்தவற்றில் பல 'வேட்டைக்கு உகந்தது' என்றே விளம்பரம் செய்யப்படுகின்றன. யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் 20×50, 8×42 என இரண்டைக் காட்டினார்கள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பறவைகள் எட்டத்தில் நிற்பதால் 20×50தான் பொருத்தம் என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்?

பதில்: 8×42ஐ வாங்குங்கள், ஐயா. கடைக்காரர் சொல்வது கேட்க நியாயமாக இருந்தாலும் வெளியில் போய் நின்று பார்த்தால் பொருந்தாது.

முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது, முன்வில்லையின் விட்டம் மில்லிமீற்றரில். இருபது மடங்கு பெருக்கும் கருவி பறவையை மட்டும் பெருக்குவதில்லை. உங்கள் கையின் நடுக்கத்தையும் இருபது மடங்காக்கும். பண்ணைப் பாலத்திலோ அராலியிலோ காற்று ஒருபோதும் ஓய்வதில்லை. அங்கே முக்காலி இல்லாமல் 20×50ஐ உயர்த்தினால், பறவையின் அலகு வளைந்ததா நேரானதா என்றுகூடச் சொல்ல முடியாதபடி காட்சி ஆடும். எட்டு மடங்கைப் பெரும்பாலானோரால் வெறுங்கையில் நிதானமாகப் பிடிக்க முடியும். நடுங்காமல் தெரியும் சிறிய உருவத்தில் காணக்கூடிய விவரம், நடுங்கும் பெரிய உருவத்தில் கிடைக்காது.

இதைவிடப் பெரிய தடை கானல். நமது தரவைகளும் சேற்று வெளிகளும் காலை ஒன்பது மணிக்குப் பிறகு சூடேறத் தொடங்கும். தரையை ஒட்டிய காற்று அலையலையாக நெளியும். அந்த நெளிவையும் உருப்பெருக்கம் பெரிதாக்கிவிடும். ஆனையிறவுப் பக்கம் நண்பகலில் தெரியும் பூநாரைக் கூட்டத்தை எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் தெளிவாக்க முடியாது. அதற்கு மருந்து அதிகாலையில் போவதுதான்.

மூன்றாவது, பார்வைப் புலம். 8×42 ஒன்றில் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் ஏறக்குறைய 120 முதல் 140 மீற்றர் அகலம் தெரியும். 20×50இல் அது சுமார் 56 மீற்றராகச் சுருங்கும். நின்றுகொண்டிருக்கும் கூழைக்கடாவை அதில் தேடிப் பிடித்துவிடலாம். நீரை உரசிப் பறக்கும் ஆலாவையோ திடீரென எழும் உள்ளான் கூட்டத்தையோ பிடிப்பதற்குள் அவை போய்விடும்.

இனி, வேட்டைக்கென்று விற்பவை பற்றி. அடிப்படையில் கருவி ஒன்றுதான். மங்கிய ஒளியில் தெளிவாகத் தெரிய வேண்டும், மழையில் கெடக்கூடாது, கழுத்தில் நாள் முழுக்கத் தொங்கினாலும் வலிக்கக்கூடாது: வேட்டைக்காரர் கேட்கும் இந்த மூன்றையும்தான் பறவை பார்ப்பவரும் கேட்கிறார். ஆகவே அந்தச் சொல்லைக் கண்டு ஒதுக்க வேண்டியதில்லை. இலை படம் போட்ட மேலுறைக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கவும் வேண்டாம். ஆனால் நமது நாட்டில் இந்தக் கருவி பார்ப்பதற்கு மட்டுமே. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இலங்கையின் காட்டுப் பறவைகளில் மிகப் பெரும்பாலானவை பாதுகாக்கப்பட்டவை. தேசியப் பூங்காவான சுண்டிக்குளம் போன்ற இடங்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமானது.

ஐரோப்பிய வேட்டைக்காரருக்காகச் செய்யப்படும் 8×56 போன்ற பெரிய கருவிகளும் இணையத்தில் உங்கள் கண்ணில் படும். அவை நமக்குத் தேவையில்லை. முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×56இல் அது 7 மில்லிமீற்றர், 8×42இல் 5.25, 20×50இல் 2.5 மட்டுமே. அறுபது வயதைத் தாண்டியவரின் கண்மணி இருளிலும் பெரும்பாலும் 5 மில்லிமீற்றருக்கு மேல் விரியாது. மிச்ச ஒளி வீண். மேலும் வட ஐரோப்பாவில் கோடை அந்தி மணிக்கணக்காக நீளும். நமக்குச் சூரியன் மறைந்து இருபது நிமிடம் சொச்சத்தில் இருட்டிவிடும். அந்தக் குறுகிய நேரத்துக்காக ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைக் கழுத்தில் சுமக்க வேண்டாம்.

நீங்கள் கண்ணாடி அணிபவர் என்பதால், வாங்கும்போது எல்லாவற்றுக்கும் முதலில் பார்க்க வேண்டியது கண் இடைவெளி. முழுக் காட்சியும் தெரிய வேண்டுமானால், கண்வில்லையில் (கண் வைக்கும் பக்கத்து வில்லையில்) இருந்து கண்ணை அதிகபட்சம் எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்பதே அந்த அளவு. கண்ணாடியோடு பார்க்க குறைந்தது 15 மில்லிமீற்றர் வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் ஒரு சிறு வட்டம் மட்டுமே தெரியும். நடுத்தர விலையில் பெயர் பெற்ற இரண்டை ஒப்பிட்டால் இது விளங்கும். நிக்கோன் அக்யூலன் 8×42 நல்ல, அகன்ற காட்சி தரும் கருவி. ஆனால் அதன் கண் இடைவெளி 12 மில்லிமீற்றர். நீர்புகாக் காப்பும் கிடையாது. செலஸ்ட்ரோன் நேச்சர் டிஎக்ஸ் 8×42இல் 17.5 மில்லிமீற்றர், நீர் புகாது, இரண்டு மீற்றர் அருகில் உள்ள வண்ணத்துப்பூச்சியையும் காட்டும். கண்ணாடி இல்லாதவருக்கு முன்னதைத் தயங்காமல் சொல்வேன். உங்களுக்கும், குறிகட்டுவானில் படகேறிக் கடல்நீர் தெறிக்கப் போகிற எவருக்கும், பின்னதுதான்.

கடையில் காட்டிய 8×42 வேறு பெயருடையது என்றால் கவலை இல்லை. சோதித்துப் பாருங்கள். கருவியைக் கை நீட்டிய தூரத்தில் வானத்தை நோக்கிப் பிடியுங்கள். கண்வில்லைகளில் இரண்டு ஒளிவட்டங்கள் தெரியும். அவை முழு வட்டமாக, விளிம்புவரை ஒரே பிரகாசமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டியது போல் நாற்சதுரச் சாயலில் மங்கினால், உள்ளே மலிவான அரியம் (ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டி) இருக்கிறது. அந்த வட்டத்தின் மேல் ஓர் அடிமட்டத்தை வைத்து அளந்தும் பாருங்கள். முன்வில்லை 50 மில்லிமீற்றர், வட்டம் 5 மில்லிமீற்றர் என்றால், பெட்டியில் 80 மடங்கு என்று அச்சடித்திருந்தாலும் அது பத்து மடங்குதான். இப்படிப் பொய் எண் போட்ட கருவிகள் நிறைய வருகின்றன.

பிறகு வாசலுக்கு வாருங்கள். கடைக்குள் சுவரைப் பார்த்து எதையும் வாங்க வேண்டாம். தூரத்து மின்கம்பியையோ பனையையோ பாருங்கள். ஒன்று இரண்டாகத் தெரிந்தால், அல்லது சில நிமிடங்களில் நெற்றி இறுகினால், இரு குழல்களும் ஒரே திசையில் பார்க்கவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் கருவி நன்றாக இருந்தும் கண் வலிப்பதுண்டு. வலக்கண் வளையத்தைச் சரிசெய்யாததே பெரும்பாலும் காரணம். ஒரு பனை வட்டைத் தேர்ந்துகொண்டு, வலப்பக்க முன்வில்லையைக் கையால் மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்கு ஓலையின் நுனி கூர்மையாகத் தெரியும்படி செய்யுங்கள். அடுத்து இடப்பக்கத்தை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலக் கண்வில்லையின் வளையத்தை மட்டும் திருப்பி அதே நுனியைக் கூர்மையாக்குங்கள். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டால் பிறகு நடுச் சக்கரம் மட்டுமே போதும். கண்ணாடியோடு பார்ப்பதால் கண்வில்லை விளிம்பின் இறப்பர்க் கிண்ணத்தை உள்ளே தாழ்த்தியே வைத்திருங்கள்.

உருப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையும், சிவப்பாக மின்னும் வில்லை கொண்டதும் வேண்டவே வேண்டாம். முதலாவதில் இரு குழல்களும் ஒத்துப்போவது அரிது. இரண்டாவது சிவப்பு ஒளியை வெளியே தள்ளிவிடுவதால், பூநாரையின் இளஞ்சிவப்பே நிறம் மாறித் தெரியும்.

வடக்கில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கடற்படை முகாம், காவலரண், துறைமுகம் ஆகியவற்றின் பக்கம் கருவியை உயர்த்தாதீர்கள். அடையாள அட்டையைக் கையோடு வைத்திருங்கள். பறவைப் படங்கள் உள்ள கையேடு ஒன்று பையில் இருந்தால், யாராவது விசாரிக்கும்போது விளக்கம் சொல்வது எளிது.

நமது ஊரில் வில்லைக்கு எதிரி உப்பு. கடற்காற்றில் போய் வந்ததும் துணியால் துடைக்காதீர்கள். காய்ந்த உப்புத்துகள் வில்லையின் பூச்சைக் கீறிவிடும். நீர்புகாக் கருவியானால் முதலில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கரைத்துவிட்டு, மென்துணியால் ஒற்றி எடுங்கள். கிணற்றுநீர் உவராக உள்ள இடங்களில் இதற்குக் குடிக்கும் தண்ணீரையே பயன்படுத்துங்கள். நீர் புகும் கருவிக்குக் காற்று ஊதும் இறப்பர்க் குமிழும் ஈரம் தோய்ந்த மென்துணியும் போதும். மாரியில் அதைத் தோலுறையில் பூட்டி வைத்தால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் என்றால், நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம்.