நகரமைப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த மகளுக்கு

வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், தமிழக நகராட்சிகளில் நகரமைப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற அலுவலர்.

கேள்வி: நகரமைப்பு படித்துவிட்டு ஒரு நகராட்சியில் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. கல்லூரியில் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்), போக்குவரத்து, ஜி.ஐ.எஸ். எல்லாம் படித்தேன். இங்கே பக்க இடைவெளி சரியா, பட்டாவில் பெயர் சரியா என்று பார்ப்பதும், “அப்ரூவல் எப்போ வரும்?” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதும்தான் வேலை. ஒரு பெரிய மனைப்பிரிவு (லே-அவுட்) ஃபைலில் சந்தேகம் கேட்டேன். “நீ புதுசு, போகப் போகத் தெரியும்” என்று முடித்துவிட்டார்கள். பெங்களூரில் ஒரு தனியார் நிறுவனம் கூப்பிடுகிறது. போய்விடலாமா?
வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: போவதும் இருப்பதும் உங்கள் முடிவு. ஆனால் நீங்கள் பார்ப்பது நகரமைப்பு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். முழுமைத் திட்டத்தில் மஞ்சள் பூசினால் குடியிருப்பு, நீலம் பூசினால் வணிகம். அந்த மஞ்சளுக்குள் எது வாய்க்கால், எது பூங்கா, எது வீடு என்று முடிவாவது உங்கள் மேசைக்கு வருகிற மனைப்பிரிவு ஃபைலில்தான்.

மனை போட்டு விற்கும் புரமோட்டர் கொடுத்த வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன், நிலத்தின் எல்லையும் அளவும் உள்ள அரசு வரைபடமான புலப்படத்தையும், அது யார் நிலம், என்ன வகை என்று சொல்லும் ‘அ’ பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். பழைய புலப்படத்தில் அளவெல்லாம் லிங்க்ஸில் இருக்கும். 100 லிங்க்ஸ் என்றால் 66 அடி. அந்தக் கணக்கு கைவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எனக்கு முதல் வருடத்தில் வந்த ஒரு வரைபடத்தில், மனைகளுக்கு நடுவே நீளமாக ஒரு பாதை காட்டியிருந்தார்கள். புலப்படத்தில் அதே இடத்தில் இரட்டைக் கோடு. பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு. பங்குனியில் போய்ப் பார்த்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை, கருவேலம் மண்டிக் கிடந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்தான், ஐப்பசியில் கண்மாய் மறுகால் பாய்ந்தால் தண்ணீர் இந்த வழியாகத்தான் இறங்கும் என்றார். அவர் சொன்னதையும் சர்வே எண்ணையும் கள ஆய்வுக் குறிப்பில் எழுதி வைத்தேன். வரைபடம் திருத்தப்பட்டது, வாய்க்கால் தப்பியது. அங்கே இப்போது குடியிருப்பவர்களுக்கு அந்த ஃபைலைப் பற்றி எதுவும் தெரியாது. அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, எனக்கு அது போதும்.

ஆகவே சந்தேகத்தை வாயால் கேட்காதீர்கள், எழுதுங்கள். வாய்ப்பேச்சை “புதுசு” என்று தள்ளிவிடலாம். சர்வே எண், விதி எண், நேரில் பார்த்த தேதி மூன்றும் உள்ள குறிப்பை, மேலே இருப்பவர் பதில் எழுதாமல் தாண்டிப் போவது கஷ்டம்.

அப்புறம் திறந்தவெளி ஒதுக்கீடு, அதாவது பூங்காவுக்கு விடும் இடம். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். 10 சதவீதம் வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துவிட்டு டிக் அடிக்காதீர்கள். எந்த இடத்தைக் கொடுக்கிறார்கள்? மழை பெய்தால் குளமாகும் பள்ளத்தையா, உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே உள்ள துண்டையா, பாதையே இல்லாத முக்கோண மூலையையா? ஒரு குழந்தை தனியாக நடந்து போய் விளையாட முடியுமா என்று பாருங்கள். நான் கடைசி வரை அப்படித்தான் பார்த்தேன்.

2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 ஜூலையிலிருந்து விண்ணப்பிப்பவரே சான்று தரும் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அதனால் உங்கள் மேசையில் கொஞ்சம் நேரம் மிச்சமாகும். அந்த நேரத்தில் பழைய மனைப்பிரிவு ஃபைல்களை எடுத்து, பூங்காவுக்கு விட்ட இடம் ஒவ்வொன்றும் இன்று என்ன ஆயிற்று என்று போய்ப் பாருங்கள். சிலவற்றில் வேலி, சிலவற்றில் கடை. தானப் பத்திரமே பதிவாகாத இடங்களும் இருக்கும். பட்டியல் போட்டு ஆணையரிடம் கொடுங்கள். பெங்களூரில் பூங்காவுக்கு விட்ட இடத்தை ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியபோது அந்தப் பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது.

கள ஆய்வுக்குத் தனியாகப் போக வேண்டாம், சர்வேயரைக் கூட்டிக்கொண்டு போங்கள். புரமோட்டர் அனுப்பும் காரில் ஏறவே ஏறாதீர்கள். ஒரு மழைக்காலமாவது இருந்து, அந்த ஊரில் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துவிடுங்கள். பெங்களூருக்குப் போனாலும் அந்த அறிவு உதவும்.

கேள்வி: ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ உள்ள மனை விலை குறைவாக இருக்கிறது. வாங்கலாமா?
வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் தருவது நகர் ஊரமைப்பு இயக்ககம், சென்னைப் பெருநகரில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.). ஊராட்சித் தலைவரின் கையெழுத்து மட்டும் போதாது. ஒப்புதல் இல்லாத மனைகளை முறைப்படுத்த 2017-இல் வந்த வரன்முறை விதிகளும் 2016 அக்டோபர் 20-க்குள் உருவாகி விற்கப்பட்ட மனைகளுக்குத்தான். ஒப்புதல் எண்ணுள்ள வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் பூங்கா என்று போட்டிருக்கும் இடத்துக்கு நேரில் போய், உங்களுக்குக் காட்டிய மனை அதற்குள் வருகிறதா என்று அளந்து பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.