உயிருள்ள, உயிரற்ற சூழல் காரணிகள் விலங்குகளோட, மனுஷங்களோட எண்ணிக்கைய எப்படி மாத்துது? பாடப்புத்தகத்துல இல்லாத உதாரணம் சொல்ல முடியுமா?

புத்தகத்துல ரெண்டு கட்டம் போட்டு ஒரு பக்கம் மழை, வெயில், மண்ணு, காத்து, இன்னொரு பக்கம் இரை, எதிரி, நோய்க்கிருமின்னு எழுதியிருக்கும். பரீட்சைக்கு அது போதும். நீங்க வேற உதாரணம் கேக்குறதால எங்க கன்னியாகுமரி மாவட்டத்த வச்சே சொல்றேன். நான் பாத்த வரைக்கும் உயிரற்ற காரணி நேரா வந்து அடிக்கிறது கம்மி, பெரும்பாலும் இன்னொரு உயிர் வழியாத்தான் சுத்தி வந்து சேரும்.

குலசேகரம், திருவட்டார், அருமனை பக்கம் வந்தீங்கன்னா எங்க பாத்தாலும் ரப்பர் தோட்டம்தான். ஒவ்வொரு மரத்துலயும் பால் வடியிறதுக்கு ஒரு சிரட்டையோ பிளாஸ்டிக் கப்போ கம்பில மாட்டியிருக்கும். பால்வெட்டு நடக்குற நாள்ல பால எடுத்து கப்ப காலி பண்ணிடுவாங்க, பிரச்சனை இல்ல. ஆனி ஆடில மழை விடாம பிடிச்சா வெட்டு நின்னுடும், சிரட்டைய கவுத்து வைக்காம விட்டா ரெண்டு நாள்ல தண்ணி நிறைஞ்சிரும், உள்ள ரெண்டு காஞ்ச இலை விழுந்து ஊறிக் கெடக்கும். அடுத்த வாரம் போய் எட்டிப் பாத்தா தலைகீழா தொங்கிக்கிட்டு கொசுப்புழு நெளியும். காலுல வெள்ளை வரி இருக்குற ஏடிஸ் கொசு அது, டெங்கு, சிக்கன்குனியா ரெண்டையும் பரப்புறது. முட்டைய தண்ணிக்கு கொஞ்சம் மேல, ஈரமான ஓரத்துல வைக்கும், அது காஞ்சு போனாலும் சாகாது, அடுத்த மழைல தண்ணி ஏறுனதும் பொரிச்சிரும்.

இதுல என்னன்னா, குளத்துல இல்லாத தண்ணியா சிரட்டைல இருக்கு? ஆனா குளத்துல மீன் இருக்கு, தட்டானோட குஞ்சு இருக்கு, எல்லாம் புழுவ தின்னுரும். சிரட்டைக்குள்ள அதெல்லாம் எங்க வரும்? இரை இருக்கு, எதிரி இல்ல, வெளிய வந்தா உக்காந்துக்க தோட்டத்து நிழல் வேற. அதுக்காக ஒரே சிரட்டைல எவ்வளவு வேணாலும் பெருக முடியாது, புழு கூடக் கூட தீனி பத்தாது, பாதி செத்துரும், மிச்சம் குட்டி கொசுவா வரும். இன்னொன்னும் சொல்லணும், ரப்பர் விலை. 2011-ல கிலோ 200 ரூபாய்க்கு மேல போனது 2016 ஆரம்பத்துல 100-க்கும் கீழ இறங்குச்சு. வெட்டுக்கூலி கட்டாதுன்னு தோட்டத்த அப்படியே போட்டுட்டா கப்ப யாரு காலி பண்ணுவா? கொசு எண்ணிக்கைக்கு சந்தை விலையும் ஒரு காரணின்னா சிரிப்பீங்க, ஆனா இங்க உள்ள நெலம அதுதான்.

அடுத்தது சாளை, அதாவது மத்தி மீன். தென்மேற்கு பருவக்காத்து அடிக்கும்போது மேல உள்ள தண்ணிய கரைய விட்டு நடுக்கடல் பக்கம் தள்ளிட்டுப் போகும், அந்த எடத்துக்கு அடியிலருந்து குளிர்ந்த, சத்துள்ள தண்ணி ஏறும், அதுல கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகும், அத தின்னு சாளை பெருகும், அத பிடிச்சு கொளச்சல் மீன்காரன் அடுப்பு எரியும். காத்தும் கடல் சூடும் மாறுனா இந்த சங்கிலி முழுசும் ஆடும். மீனுக்கு கேரளா எல்லைல இருக்குற களியக்காவிளை செக்போஸ்ட்லாம் தெரியாது, அதனால கேரளா கணக்கையே சொல்றேன், 2012-ல அங்க கிட்டத்தட்ட 3.9 லட்சம் டன் சாளை கெடச்சுது, 2021-ல வெறும் 3,300 டன் பக்கம். கடல் சூட்ட மட்டும் குத்தம் சொல்லக் கூடாது, குஞ்சு மீன கூட விடாம வலை போட்டு அள்ளுனதும் சேந்துதான். அதுக்குத்தான் விசைப்படகு தடைக்காலம். எங்க மாவட்டத்துல அதுவே ரெண்டு, கிழக்குக் கரைல சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும், மேற்குக் கரைல கொளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1-லருந்து ஜூலை 31 வரைக்கும். மீன் இல்லாத வருஷம் கடற்கரை ஊர்ல ஆள் எண்ணிக்கையும் கொறையும், சாவுனால இல்ல, வேலைக்கு வளைகுடா போயிடுவாங்க.

சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு வர்ற பறவையும் இதே கததான், 2022-ல ராம்சர்ங்குற உலக ஈரநிலப் பட்டியல்ல சேத்த எடம் அது. தண்ணி முட்ட நின்னா சங்குவளை நாரைக்கு நின்னு மீன் பிடிக்க முடியாது, அதோட கால் முங்குற அளவுக்கு வடிஞ்சாத்தான் அதுக்கு சோறு. ஆகாயத்தாமரை மூடிட்டா சுத்தம், எறங்கவே எடம் இருக்காது.

நேரா அடிக்கிறதுக்கு உதாரணம்னா ஒக்கி புயல்தான், 2017 நவம்பர் 30. ஆழ்கடலுக்குப் போன தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆளுங்க எத்தனையோ பேர் திரும்பி வரல, அத வெறும் உதாரணமா எழுதவே கஷ்டமா இருக்கு. மலைப் பக்கம் வாழையும் ரப்பரும் வேரோட சாஞ்சுது. புயல், சுனாமி எல்லாம் ஒரு எடத்துல எத்தனை பேர் நெருக்கமா இருக்காங்கன்னு பாத்து அடிக்காது. நோய் பாக்கும். 2011 கணக்குப்படி எங்க மாவட்டத்துல சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர், தமிழ்நாடு சராசரி 555, ராமநாதபுரத்துல 350 கூட கெடையாது. ரெண்டு பருவமழையும் கெடைக்குது, பேச்சிப்பாறை அணை 1906-லயே வந்துருச்சு, வெளையாத மண்ணு கம்மி, அதனால ஜனம் நெருங்கி குடியேறுனாங்க. இப்ப நாகர்கோவில்லருந்து மார்த்தாண்டம் வரைக்கும் வீடு விடாம வீடு. ஏடிஸ் கொசு சில நூறு மீட்டருக்கு மேல பறக்காதுன்னு சொல்றாங்க, இங்க அதுக்கு அவ்வளவு தூரம் பறக்க வேண்டிய அவசியமே இல்ல.