டப் கவிதை என்பது ரெகே பாட்டுதானே? அதை ஏன் எதிர்ப்புக் கவிதை என்கிறார்கள்?

ரெகேதான், ஆனால் பாடுவதைவிடப் பேசுவதே அதிகம். ஜமைக்காவில் ரெகே இசைத்தட்டின் பின்பக்கத்தில், பாடகரின் குரலைக் குறைத்து பேஸையும் டிரம்ஸையும் தூக்கிவைத்த ‘டப்’ வடிவம் வரும். டீஜேக்கள் அதன்மேல் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். டப் கவிஞர் முதலிலேயே எழுதிவிடுவார். தாளம் சொல்லுக்குள்ளேயே இருக்கும். இசையை நிறுத்திவிட்டு வாசித்தாலும் கால் தானாக ஆடும்.

சரி, எதிர்ப்பு? டப் கவிஞர் லிண்டன் க்வேசி ஜான்சனைக் கேளுங்கள். 1952-இல் ஜமைக்காவில் பிறந்து, 11 வயதில் லண்டன் போனவர். அங்கே 1824-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை வைத்து, வெறும் சந்தேகத்தின் பேரிலேயே போலீஸ் கறுப்பின இளைஞர்களைப் பிடித்தது. அதை ‘சஸ்’ என்பார்கள், ‘சஸ்பெக்ட்’ என்பதன் சுருக்கம். 1979-இல் வந்த அவருடைய ‘சன்னிஸ் லெட்டா’ கவிதை அதைப் பற்றியதுதான்: சிறையிலிருந்து மகன் அம்மாவுக்கு எழுதும் கடிதம். பஸ்ஸுக்கு நின்ற தம்பியைப் போலீஸ் அடிக்கிறது, இவன் குறுக்கே போகிறான், ஒரு போலீஸ்காரர் இறந்துபோகிறார். கோஷம் ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தான் இன்னும் உறைக்கிறது. 1981-இல் அந்தச் சட்டப்பிரிவு நீக்கப்பட்டது.

அப்புறம் மொழி. கொச்சை என்று ஒதுக்கப்பட்ட ஜமைக்கப் பேச்சை ஜான்சன் அப்படியே எழுத்தில் வைத்தார். தலைப்பையே பாருங்கள்: ‘லெட்டர்’ இல்லை, ‘லெட்டா’.