வெட்டிவேர் எண்ணெயின் மணம் நாள்கணக்கில் நிற்பது ஏன்?

வெட்டிவேர் எண்ணெய் என்பது, மண்ணுக்குள் மூன்று மீட்டருக்கும் கீழே இறங்கக்கூடிய ஒரு புல்லின் வேர்களை நீராவியால் காய்ச்சி வடித்துப் பெறும் நறுமண எண்ணெய் ஆகும். (உலகச் சந்தையில் வழங்கும் 'வெட்டிவர்' என்ற பெயரும் நம் தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றதே.) அதன் மூலக்கூறுகள் பெரியவையும் கனமானவையுமாக இருப்பதால் மெதுவாகவே ஆவியாகின்றன. கையில் பட்ட பெட்ரோல் உடனே பறந்துவிட, டீசல் வாடை மட்டும் கழுவிய பின்னும் தங்குவதும் இத்தகைய வேறுபாட்டால்தான். இதே மந்தத்தன்மையால் வேரை வடிப்பதற்குப் பல மணி நேரம் பிடிக்கிறது. விரைவில் கலைந்துவிடும் எலுமிச்சை போன்ற மணங்களுக்குப் பிடிமானம் தருவதற்காக வாசனைத் திரவியம் செய்வோர் இதைச் சேர்ப்பதும் அதனால்தான். கடலூர்ப் பகுதியின் மணற்பாங்கான நிலங்களில் இது பயிராகிறது, ஏனெனில் வேரை அறுபடாமல் தோண்டியெடுக்க மணலே வசதி. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் விலாமிச்சை வேரும் இதுவே என்று பலர் எண்ணுகின்றனர். அது புல்லன்று, துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் வேர்.